தம்பியைத் தேடிப்போன ஒற்றர் படை (தலைப்பு மாத்தியாச்சு)

பாலைமரத்தடி:
வணக்கம் எல்லாருக்கும். நான் இஞ்ச வாசிக்கிறதோட சரி, எழுதிறது குறைவு. போன கிழமை ஐஸ்பழம் ஒரு இழையில கேட்டவர், வன்னிப் பெடியள் பெட்டையளை வச்சு ஆரும் ஒரு பகிடியான ஒற்றர் கதை எழுத மாட்டினமோ, எப்ப பாத்தாலும் அழுகைக் கதைதானோ எண்டு. எழுதத் தேவையில்லை ஐஸ்பழம், எனக்கு நடந்தே இருக்கு. சொல்லுறன் கேளுங்கோ, ஆனா நான் கதை சொன்னா சுத்திச் சுத்தித்தான் வரும்.

2012 ஆனி மாசம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிஞ்சு கொஞ்ச நாள். எனக்கு 14, தம்பிக்கு 9. ஏ34 ரோட்டில ஒட்டுசுட்டானுக்கும் முள்ளியவளைக்கும் இடையில உள்ளுக்கு இறங்கிற கிரவல் ரோட்டில எங்கட வீடு, வீடெண்டா அப்ப தகரக் கொட்டில், பக்கத்தில வீட்டுத்திட்டத்துக்குப் போட்ட அத்திவாரம். அந்த அத்திவாரம்தான் எங்கட தலைமையகம். அப்பா வவுனியாவில மேசன் வேலை, கிழமைக்கு ஒருக்கா வருவார். அம்மா அண்டைக்கு முத்தையன்கட்டுப் பக்கம் சிறுபோக வயலுக்குக் களை பிடுங்கப் போட்டா. சனிக்கிழமை. தம்பியைப் பாக்கிறது என்ர பொறுப்பு.

நான் பாத்தனான்தான். ஒரு பத்து மணி மட்டும்.

ஐஸ்பழம்:
ஆகா துடங்கிட்டுது. பத்து மணிக்குப் பிறகு என்ன செய்தனீங்கள், நித்திரையோ

பாலைமரத்தடி:
பேன் பாத்துக்கொண்டிருந்தனான். பக்கத்து வீட்டுப் பெட்டையின்ர தலையில. அது முக்கியமான வேலை.

கிளிநொச்சிக்காரி:
பிள்ளை, குறை நினைக்காதேங்கோ. தலைப்பில "காணாமல் போன தம்பி" எண்டு கிடந்ததைப் பாத்துத்தான் உள்ளுக்க வந்தனான், நெஞ்சு ஒருக்கா நிண்டு போச்சு. வந்து பாத்தா பகிடிக்கதை. உங்களில பிழை இல்லை, ஆனா எங்கட ஊரில அந்தச் சொல்லு வேற மாதிரி. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில 2017 மாசி 20 இல காணாமல் ஆக்கப்பட்டவையின்ர சொந்தக்காரர் துடங்கின போராட்டத்தில நானும் இருந்தனான், இப்பவும் போய் இருக்கிறனான், என்ர தம்பியின்ர படத்தோட. தலைப்பை மாத்துவீங்களோ.

பாலைமரத்தடி:
அக்கா மன்னிக்கோணும். உண்மையா யோசிக்கேல்லை. மாத்திட்டன். உங்களுக்கு இந்த இழை கஷ்டமா இருந்தா நான் நிப்பாட்டுறன்.

கிளிநொச்சிக்காரி:
நிப்பாட்டச் சொல்லேல்லை. சொல்லுங்கோ. தம்பி வந்தவன்தானே?

பாலைமரத்தடி:
வந்தவன் அக்கா. இப்ப 22 வயசு, என்ர மோட்டச்சைக்கிளை வாங்கிக்கொண்டு போய் பெற்றோல் இல்லாமல் கொண்டுவந்து விடுறவன்.

சரி கதை. பத்தரைக்குத் தம்பி இல்லை. கிணத்தடியில இல்லை (அங்கதான் முதல் ஓடினது), மாமரத்தில இல்லை, பக்கத்துக் காணியில இல்லை. பாத்றூம் சிலிப்பரும் இல்லை. அவன்ர சிலிப்பர் வலது கால் வார் அறுந்து ஊசி குத்தினது, நடக்கேக்க ஒரு இழுவை விழும். கிரவல் ரோட்டில ரெண்டு வீடு தாண்டி அந்த இழுவை தெரிஞ்சுது, பிறகு இல்லை. ஆளைத் தூக்கியாச்சு எண்டு முடிவெடுத்தம். உடன படை கூட்டினன். மூண்டு பேர். நான் உடும்பு, பேன் தலைக்காரி ஆட்காட்டி, முன்வீட்டுப் பெடியன் ஓணான். ஓணானுக்கு ஏன் அந்தப் பேர் எண்டா எதுக்கும் தலையாட்டுவான், விளங்கினாலும் விளங்காட்டிலும்.

ஏ9 காகம்:
ஒற்றருக்கு ஆட்காட்டி எண்டு பேர் வச்சதுகளை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன். வயல் வரம்பில ஆரும் கால் வச்சா ஊருக்கே சொல்லிற குருவியெல்லோ அது. இராவில மாடு களவெடுக்கப் போனவனே அதின்ர சத்தத்தில பிடிபட்டிருக்கிறான்.

பாலைமரத்தடி:
அவளுக்குக் குரல் அப்பிடி. ரகசியம் சொன்னா மூண்டாவது வீட்டு நாய் குரைக்கும். பேர் பொருத்தம் பாத்து வச்சது, தொழில் பொருத்தம் பாக்கேல்லை.

ஏ9 காகம்:
ஒண்டு கேக்கிறன் கோவிக்காதேங்கோ. பெடியன் இல்லையெண்டவுடன அம்மாட்டயோ பக்கத்து வீட்டயோ சொல்லுறதுதானே, ஏன் இந்த ஒற்றர் வேலை? கதைக்காக இழுக்கிறீங்கள் மாதிரிக் கிடக்கு.

பாலைமரத்தடி:
இல்லை காகம் அண்ணை. நல்ல கேள்வி, நான் அதைச் சொல்லாமல் தாண்டப் பாத்தனான்.

அம்மாவின்ர தம்பி, எங்கட மாமா, 2009 இல இருந்து இல்லை. எங்கட வீட்டில ஒரு பச்சை பைல் இருந்தது, மாமாவின்ர படம், பதிவுத் துண்டுகள், எல்லா இடத்திலயும் குடுத்த கடிதங்களின்ர பிரதி. ஆரும் விசாரிக்க வருகினம் எண்டா அம்மா அந்தப் பைலைத் தூக்கிக்கொண்டு நடப்பா. அந்த அம்மாட்டப் போய் வயல் வரம்பில நிண்டு "தம்பியைக் காணேல்லை" எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது. 14 வயசில எனக்கு வேற ஒண்டும் தெரியேல்லை, அம்மா அஞ்சு மணிக்கு வர முதல் இவனைப் பிடிச்சுக் கொண்டந்து விறாந்தையில இருத்தோணும், அவ்வளவுதான். ஊருக்குத் தெரிஞ்சா அம்மாக்குப் போயிடும். அதாலதான் ரகசியம்.

அதாலதான் க பாஷை.

ஐஸ்பழம்:
அக்கா எனக்குச் சிரிக்கிறதோ என்ன செய்யிறது எண்டு தெரியேல்லை

பாலைமரத்தடி:
சிரிங்கோ, இனித்தான் மோசமான கட்டம். அம்மம்மா விறாந்தைக் கட்டில வெத்திலை இடிச்சுக்கொண்டு இருந்தவ. அவவுக்குக் காது மத்திமம். அவவுக்கு முன்னால கதைக்கேலாது எண்டு மூண்டு பேரும் க பாஷையில கூட்டம் வச்சம். ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால க போடுறது. "கதம்கபிகயைக் ககாகணேல்கலை." ஓணான் தலையாட்டினான். அம்மம்மா எங்களைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு இடிச்சவ. பாவம் மனுசி, ஒண்டும் விளங்கேல்லை எண்டு நினைச்சம்.

பனிக்காட்டு வன்னியான்:
தங்கச்சி பிழை. க பாஷையில மெய்யெழுத்துக்கும் க போடோணும். கதகம்கபி எண்டுதான் வரும். நாங்கள் 80களில வித்தியானந்தாவில படிக்கேக்க அப்பிடித்தான் கதைச்சனாங்கள்.

ஏ9 காகம்:
மெய்யெழுத்துக்குப் போட்டா நாக்குச் சுளுக்கும் அண்ணை. எங்கட பக்கம் அசைக்குத்தான் க.

ஐஸ்பழம்:
மாங்குளம் பக்கம் க இல்லை, ச பாஷை. எங்கட அக்காவையள் ச போட்டுக் கதைச்சால் பாம்பு சீறின மாதிரிக் கேக்கும்

பாலைமரத்தடி:
இலக்கணச் சண்டையை வேற இழையில வையுங்கோ. எனக்கு ஒரு ஆள் கடத்தல் கேஸ் கிடக்கு.

சந்தேக நபர் ஒண்டு: ஐஸ்கிறீம் வானுக்காரன். ஆனா அவன் பின்னேரம்தான் வாறவன், பாட்டுப் போட்டுக்கொண்டு. பாட்டுப் போட்டுக்கொண்டு ஆரும் பிள்ளை பிடிக்க வருவினமோ எண்டு விட்டிட்டம். சந்தேக நபர் ரெண்டு: கிறீஸ் பூதம், உடம்பு முழுக்கக் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில வாறதெண்டு சனம் கதைச்ச மர்ம ஆள். முதல் வருசம், 2011 ஆவணியில, நாடு முழுக்க அந்தப் பயம் கிடந்ததெல்லே, எங்கட ஊரிலயும் இரவிரவாத் தடியோட காவல் இருந்தவை. ஆனா பகல் பத்து மணிக்குக் கிறீஸ் பூசிக்கொண்டு வந்தா அந்த வெயிலுக்கு வழிஞ்சு போயிடும் எண்டு ஆட்காட்டி சொன்னாள், அது எனக்கு இப்பவும் நல்ல துப்பறிவாத்தான் படுது. சந்தேக நபர் மூண்டு: பழைய இரும்பு எடுக்கிற ஐயா. சாக்கு வச்சிருக்கிறவர். சைக்கிள் கரியரில சாக்கு. சாக்குக்குள்ள என்னவோ முண்டிக்கொண்டு நிண்டது.

பின்தொடர்ந்தம். ஒரு சைக்கிள், மூண்டு பேர், நான் மிதிக்க ஆட்காட்டி பாரில, ஓணான் கரியரில எதிர்ப்பக்கம் பாத்து இருந்தவன், பின்னால ஆரும் வருகினமோ எண்டு பாக்க. இரும்பு ஐயா நிண்டா நாங்களும் நிப்பம். அவர் திரும்பிப் பாத்தா ஆட்காட்டி "நாங்கள் சும்மா போறம்" எண்டு தானாச் சொல்லுவாள்! மூண்டாந்தரம் ஐயா சைக்கிளை ஸ்ராண்டில விட்டிட்டு, சாக்கை அவிட்டு ரோட்டில கொட்டினார். சைக்கிள் றிம், தண்ணி இறைக்கிற மிசினின்ர ஏதோ ஒரு துண்டு, ரெண்டு தகரம். "உன்ர தம்பி இதுக்க இல்லைப் பிள்ளை. அவன் காலமை லாண்ட்மாஸ்டர் பெட்டியில இருந்துகொண்டு காட்டுப் பக்கம் போறான், எனக்குக் கையும் காட்டினவன்." லாண்ட்மாஸ்டர் எண்டா ரெண்டு சில்லு உழவு மிசின், பின்னால பெட்டி கொழுவினது.

அவருக்கு நாங்கள் தம்பியைத் தேடுறம் எண்டு எப்பிடித் தெரியும்? கடைக்காரி சொன்னவவாம். கடைக்காரிக்கு ஆட்காட்டியின்ர அம்மா. எங்கட ரகசியம் எங்களுக்கு முன்னால சைக்கிளில போய்க்கொண்டிருந்தது.

கண்ணாடி வாத்தி:
இதைத்தான் நான் பிள்ளையளுக்குச் சொல்லுறனான், பரவல் எண்டா இதுதான். ஒற்றர் எண்டா மறை மை ஒண்டும் இல்லையோ?

பாலைமரத்தடி:
அதை மறந்திட்டன் சேர். இருந்தது. வெளிக்கிட முதல் வீட்டில ஒரு கடிதம் வச்சிட்டுப் போகோணும், எங்களுக்கும் ஏதும் நடந்தா எங்க போனம் எண்டு தெரியவேணும். அம்மா வாசிக்கவும் கூடாது. வற்றாப்பளைப் பொங்கலுக்கு உப்புத்தண்ணியில விளக்கெரிக்கிற ஊர்தானே எங்கட, நாங்கள் தேசிக்காய்த் தண்ணியில கடிதம் எழுதினம், ஈர்க்கால. பிறகு ஓணானுக்குச் சந்தேகம், உண்மையா எழுத்துத் தெரியுமோ எண்டு, சிமிலி விளக்கில பிடிச்சுப் பாத்தான். தெரிஞ்சுது. "நாங்கள்" எண்டுமட்டும் தெரிஞ்சு மிச்சம் பத்திப் போச்சு.

கண்ணாடி வாத்தி:
சுவாலையில பிடிக்கப்படாது, மேல சூட்டில காட்டோணும். தேசிக்காயில இருக்கிற அமிலமும் சீனியும் பட்ட இடம் மிச்சக் கடதாசிக்கு முதல் கருகும், அதுதான் மண்ணிறமாத் தெரியிறது. மின்குமிழ் சூடு காணும். இஸ்திரிப்பெட்டி எண்டா இன்னும் நல்லம்.

பாலைமரத்தடி:
சேர், 2012 இல எங்களுக்குக் கரண்டே இல்லை 😄

மண்கிளறி:
தங்கச்சி, காட்டுப் பக்கம் எண்டு சொன்னீங்கள். 2012. எந்தப் பாதையால போனீங்கள்? நான் அப்ப முல்லைத்தீவில மிதிவெடி அகற்றுற வேலையில நிண்டனான். எனக்கு இந்தக் கட்டத்தில சிரிப்பு வரேல்லை.

பாலைமரத்தடி:
அக்கா அதைத்தான் சொல்ல வந்தனான். லாண்ட்மாஸ்டர் ரயர்த் தடம் கிடந்தது, அதிலதான் போனம். ஒரு இரண்டு மூண்டு கிலோமீற்றர் இருக்கும். வழியில யானைப் பீ. ஓணான் இறங்கித் தொட்டுப் பாத்து "சூடா இருக்கு, இப்பத்தான் போயிருக்கு" எண்டான். வெயிலில கிடந்தா எந்தப் பீயும் சூடாத்தான் இருக்கும் எண்டது எங்களுக்கு அப்ப ஓடேல்லை. பிறகு பாதை ரெண்டாப் பிரிஞ்சுது. அந்த இடத்தில புல்லு, தடம் தெரியேல்லை. இடப்பக்கம் சிவப்புப் பலகை, மண்டையோடு, மூண்டு பாசையிலயும் எழுதிக் கிடக்கு. அதோட நிண்டம். பள்ளிக்கூடத்தில வந்து படிப்பிச்சவை, பலகையைக் கண்டா நில்லு, தெரியாத பாதையில கால் வைக்காதே, வந்த தடத்தால திரும்பு எண்டு.

மண்கிளறி:
அந்த ஒரு வரியை இன்னும் கொஞ்சம் நிண்டு சொல்லியிருக்கலாம். நாங்கள் ஒரு மீற்றர் அகலப் பாதையில முழங்காலில இருந்து மண்ணை வறுகி வறுகிப் போறனாங்கள், ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்குச் சில மீற்றர்தான் போகும் சில இடத்தில. எங்கட குழுவில பாதிக்கு மேல பொம்பிளையள், கனபேர் வீட்டுக்கு உழைக்கிற ஒரே ஆள். பலகை நட்ட அடுத்த நாள் வந்து பாத்தா பலகை இருக்காது, ஆரோ விறகுக்கு எண்டு தடியைப் பிடுங்கியிருப்பினம். நீங்கள் மூண்டு பேரும் நிண்டது சும்மா விசயமில்லை. மூண்டு பேரில ஒருத்தர் "ஒண்டும் செய்யாது வா" எண்டு சொன்னாப் போதும்.

பாலைமரத்தடி:
ஓணான் சொல்லப் பாத்தவன் அக்கா. ஆட்காட்டி அவன்ர சேட்டைப் பிடிச்ச பிடியில பொத்தான் மூண்டு பறந்தது. அவளின்ர சித்தப்பாவுக்குக் கால் இல்லை.

சரி, நிக்கிறம். அந்த நேரம் பத்தைக்குள்ள இருந்து உர்ர்ர் எண்டு ஒரு சத்தம்.

பனிக்காட்டு வன்னியான்:
கரடி! ஆனி ஆடி பாலைப்பழக் காலம், கரடிக்கும் அதுதான் கொண்டாட்டம். நான் சின்னனில ஐயாவோட பாலைப்பழத்துக்குப் போகேக்க ஐயா முதல் பாக்கிறது மரத்தில பழத்தை இல்லை, மரப்பட்டையில நகக்கீறலை. இஞ்ச கனடாவில ரொறன்ரோவில ஒரு தமிழ்க்கடையில உறைநிலையில ஏதோ பழம் கண்டு பாலைப்பழமோ எண்டு கேட்டன், அந்தப் பெடியன் என்னை மேலயும் கீழயும் பாத்தான். அந்தப் பழத்தைப் பிடுங்கிக் கனநாளைக்கு வைக்கேலாது, அதின்ர ருசி அந்தக் காட்டிலயே திண்டாத்தான்.

ஐஸ்பழம்:
அண்ணை ருசியைப் பிறகு பாப்பம் பிள்ளையள் கரடிக்கு முன்னால நிக்குதுகள். மரத்தில ஏறினதோ?

பாலைமரத்தடி:
அதுதான் பகிடி. பத்தடியில ஒரு நல்ல வீரை மரம் நிக்குது, ஏறுறதுக்கெண்டே கொப்பு விட்ட மாதிரி. ஆனா பாதையை விட்டு இறங்கப்படாது. பின்னால ஓடுவம் எண்டா சைக்கிள் செயின் கழண்டு கிடக்கு. மூண்டு பேரும் பாதைக்கு நடுவில நிண்டு

நீலச்சேட்டு:
மூண்டு பேரும் ஒரு சைக்கிளுக்கு மேல ஏறி நிண்டவை. ஆட்காட்டி அக்கா சீற்றில, எங்கட அக்கா பாரில, ஓணான் அண்ணா கரியரில. சைக்கிள் ஸ்ராண்டில. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தோடுடைய செவியன் பாடினவை. நான் கண்ணாலை கண்டது.

ஐஸ்பழம்:
ஆர் இது 😂😂😂

பாலைமரத்தடி:
டேய் நீ எப்ப இஞ்ச வந்து சேந்தனீ?? ஆர் உனக்கு லிங் அனுப்பினது??

நீலச்சேட்டு:
ஓணான் அண்ணா. அவர் ஒற்றர்தானே, இன்னும் வேலையில இருக்கிறார்.

எல்லாருக்கும் வணக்கம். கடத்தப்பட்டவர் நான். உர்ர் எண்ட சத்தம் கரடியில்லை, லாண்ட்மாஸ்டர். பழம் பிடுங்கி முடிச்சுத் திரும்பி வந்துகொண்டிருந்தம், வளைவுக்கு அங்கால. லாண்ட்மாஸ்டர் ஓட்டின மாமா அக்காவைக் காட்டி "உது உன்ர கொக்காவே?" எண்டு கேட்டவர். எனக்கு இல்லை எண்டு சொல்லத்தான் விருப்பம். அக்கா இஞ்ச தான்தான் என்னை மீட்ட மாதிரி எழுதிக்கொண்டு வாறா. நடந்தது என்னெண்டா, செயின் கழண்டு, வழி தெரியாமல், கத்திக்கொண்டு நிண்ட மூண்டு பேரையும் சைக்கிளையும் பெட்டியில ஏத்தி வீட்ட கொண்டு வந்து சேத்தது நாங்கள். மீட்டது ஆர், மீட்கப்பட்டது ஆர் எண்டு வாசிக்கிற ஆக்கள் சொல்லுங்கோ.

பாலைமரத்தடி:
பொய். வழி தெரியும். பாட்டு மட்டும் உண்மை.

இவன் பெட்டிக்குள்ள வாளிப் பழத்துக்கு மேல இருந்தவன், நீலச் சேட்டு முழுக்க மஞ்சள். நான் போய்ப் பிடிச்சு உலுப்பி, "ஏன்டா சொல்லாமல் போனனீ, ஏன்டா" எண்டு கத்துறன், இவன் ம்ம் ம்ம் எண்டுறான். வாயைக் கட்டியிருக்கினம் எண்டு ஆட்காட்டி குழறுறாள். கட்டேல்லை. பாலைப்பழம் திண்டவைக்குத் தெரியும், அந்தப் பால் காஞ்சா உதடு ஒட்டும். இவன் அரை வாளி திண்டிருக்கிறான். ஒரு சாட்சியை விசாரிக்கேலாமல் பழம் வாயை ஒட்டின கேஸ் வேற எங்கயும் நடந்திருக்காது. லாண்ட்மாஸ்டர் மாமா தேங்காயெண்ணெய் பூசித்தான் திறந்தவர், அதுக்கெண்டே ஒரு சின்னப் போத்தில் வச்சிருந்தவர்.

நீலச்சேட்டு:
வாய் திறந்தவுடன நான் சொன்ன முதல் வசனத்தை எழுதுங்கோ அக்கா.

பாலைமரத்தடி:
எழுத மாட்டன்.

நீலச்சேட்டு:
"அம்மம்மாட்டச் சொல்லிப்போட்டுத்தானே போனனான்." இதுதான்.

ஏ9 காகம்:
அட கடவுளே. காது மத்திமமான மனுசியிட்டயோ.

பாலைமரத்தடி:
வீட்ட வர நாலரை. அம்மா இன்னும் வரேல்லை. அம்மம்மா அதே கட்டில, அதே உரல். நான் மூச்சு வாங்க முன்னால போய் நிக்கிறன். மனுசி என்னை ஏற இறங்கப் பாத்திட்டு, வெத்திலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிப்போட்டு, ஆறுதலாக் கேட்டா:

"கபகழம் ககொண்கடு கவந்கதகவகனோ?"

ஐஸ்பழம்:
செத்தன் 😂😂😂😂

பனிக்காட்டு வன்னியான்:
மனுசி அசைக்குத்தான் க போட்டிருக்கிறா. நான் தோல்வியை ஒத்துக்கொள்ளுறன்.

பாலைமரத்தடி:
காலமை எங்கட கூட்டம் முழுக்க அவவுக்கு விளங்கினது. அவையள் சின்னப் பெட்டையளா இருக்கேக்க கிணத்தடியில இதுதானாம் பாசை. "அப்ப ஏன் அம்மம்மா சொல்லேல்லை" எண்டு கேட்டன். "நீங்கள் என்னைக் கேட்டனீங்களே? நான் கிழவி எண்டு ரகசியம் கதைச்சனீங்கள். நானும் ரகசியமா இருந்தன்." எண்டா.

அம்மா அஞ்சேகாலுக்கு வந்தவ. விறாந்தையில நாங்கள் நாலு பேரும் வரிசையா இருந்து பழம் தின்னுறம். எல்லாற்ற வாயும் ஒட்டிக்கிடக்கு, ஆரும் ஒண்டும் சொல்லேலாது. அம்மா ஒண்டும் கேக்கேல்லை. கால் கழுவிப்போட்டு வந்து தம்பிக்குப் பக்கத்தில இருந்தவ, கனநேரம் இருந்தவ, தேத்தண்ணி கூட வைக்கேல்லை. கடைக்காரி வழியிலயே சொல்லிப்போட்டாவாம், "உன்ர பெடியனைக் காணேல்லையெண்டு தேடினதுகள், லாண்ட்மாஸ்டரில வந்திட்டான்" எண்டு. இதை அம்மா எனக்குச் சொன்னது போன வருசம்தான். அந்த வசனத்தின்ர முதல் பாதிக்கும் ரெண்டாம் பாதிக்கும் இடையில கடைக்காரி ஒருக்கா எச்சில் முழுங்கினவவாம்.

மண்கிளறி:
ம்.

நீலச்சேட்டு:
இது எனக்குத் தெரியாது அக்கா.

பாலைமரத்தடி:
உனக்கு என்னதான் தெரியும். பெற்றோல் அடிச்சு வை.

ஐஸ்பழம்:
ஓணான் அண்ணா வாசிச்சுக்கொண்டிருந்தா ஒருக்காத் தலையாட்டிட்டுப் போங்கோ

ஓணான்:
🦎

கிளிநொச்சிக்காரி:
முழுக்க வாசிச்சன் பிள்ளை. என்ர தம்பியும் நானும் சின்னனில அசைக்குத்தான் க போட்டனாங்கள், அவன் வேகமாக் கதைப்பான், எனக்குப் பிடிக்கேலாது. இவ்வளவு காலத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் ஒருக்காக் கதைச்சுப் பாத்தன், குசினிக்குள்ள, தனிய.

கசிகரிச்கசன்.